கயிறு அறுந்த ஏடு

2025 ஆம் ஆண்டு வைகாசித் திங்களிலே, எங்கள் ஊராகிய காரைதீவிற் கண்ணகை அம்மன் திருக்குளிர்த்தி நிறைவேறி ஒரு கிழமை சென்றிருக்கும். விழாவின் ஆரவாரம் அடங்கிய ஒரு மாலைப்பொழுதில், யான் என் மேசைக் கணினியின் முன் அமர்ந்து 'கச்சான்' என்னும் சொல்லுக்குப் பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். கச்சான் என்றால் நிலக்கடலை என்பது இலங்கைத் தமிழர் யாவரும் அறிந்தது. எங்கள் கரையோரத்தார்க்கு அது காற்றின் பெயருமாகும். கோடையிலே மேற்கிலிருந்து அனலாய் வந்து பயிரையும் மாந்தரையும் ஒருங்கே வாட்டுங் காற்று. இவ்விரு பொருளும் ஒரு வேரினவோ வேறு வேறோ என்னும் ஆராய்ச்சியில் மூழ்கியிருந்த வேளையிலே, கொல்லைப்புறத்திலே தண்ணீர் மோட்டர் முழங்கியது. விளக்கு ஒருகணம் மங்கிப் பின் தெளிந்தது. கணினியின் திரை இருண்டுவிட்டது. விளக்கு மங்கியதை யான் அப்பொழுது பொருட்படுத்தவில்லை. அதனைப் பொருட்படுத்தியிருப்பின் இக்கட்டுரைக்கு இடமிராது.

பொத்தானை அழுத்தினேன், உயிர்பெற்றது. மறுநாள் மீண்டும் அணைந்தது, மீண்டும் அழுத்தினேன். இவ்வாறு நான்கு நாளில் ஏழு முறை. ஐந்தாம் நாள், வழக்கமான முகப்புத் தோன்றாது, கறுத்த திரையிலே வெள்ளெழுத்துக்கள் தோன்றின. தட்டிலே பிழைகள் உள, அவற்றைச் சோதித்துச் சீராக்குகின்றேன் என்பது அவற்றின் கருத்து. நூற்றுக்குப் பதினொன்று என்னும் எண்ணிலே நின்றது நின்றபடியே நின்றது. பெட்டியினுள்ளிருந்து 'டிக், டிக்' என்று ஓர் ஒலி எழுந்தது. "இஞ்சேருங்க, பல்லி சொல்லுது, நல்ல சகுனமாக்கும்" என்றாள் என் மனைவி. அது பல்லி அன்று.

அப்பெட்டியினுள் இருந்தது யாது என்பதை ஈண்டுச் சொல்லல் வேண்டும்.

யான் இளமைதொட்டு எங்கள் கரையின் சொற்களைத் திரட்டிவருபவன். வாடை, சோளகம், கொண்டல், கச்சான் எனக் காற்றுக்குக் கடலோடிகள் இட்ட பெயர்கள்; கரைவலை இழுப்போர் பேச்சு; வெள்ளாண்மை செய்வோரின் களத்துச் சொற்கள்; நெல்லை நெல் என்னாது பொலி என்று சொல்லும் அவர்தம் மரபு; தாய்மார் பாடுங் கவிகள். இவற்றைப் பதினொரு சீ.ஆர். கொப்பிகளில் எழுதி, கடற்கரையை அடுத்திருந்த என் பெற்றோர் வீட்டிலே வைத்திருந்தேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாள். அன்று காலை கடல் ஊருக்குள் வந்தது. இலங்கையிலே வேறெந்த மாவட்டத்தினும் மிகுதியான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டமே. அப்பெருந்துயரின் முன் பதினொரு கொப்பிகளின் இழப்பைப் பேசுதல் நாணத்தக்கது. ஆதலின் பல ஆண்டுகள் யான் அதுபற்றி ஒருவரிடமும் வாய்திறந்ததில்லை.

2006 இலே மீண்டும் தொடங்கினேன். இம்முறை கொப்பியை நம்பவில்லை. சிறியதோர் ஒலிப்பதிவுக் கருவியும் ஒரு கணினியும் வாங்கினேன். காரைதீவு, மாளிகைக்காடு, நிந்தவூர், சாய்ந்தமருது என்று திரிந்து, எஞ்சியிருந்த முதியோரைத் தேடி அமர்ந்து கேட்டேன். தமிழரும் முஸ்லிம்களுமாகிய அவர்கள், தாம் இழந்தவற்றையெல்லாம் ஒருபுறம் ஒதுக்கிவைத்து எனக்குச் சொல் தந்தனர். 6,400 சொற்கள், 312 ஒலிப்பதிவுகள். அவற்றைத் தந்தவருட் பெரும்பாலார் இன்று இல்லை. கடலுக்கு இரண்டாமுறை கொடுக்கலாகாது என்று கணினியிற் சேர்த்த யான், அக்கணினி கடலினும் மெல்லிய ஓசையோடு உண்ணும் என்பதை அறிந்திலேன். வேறு படி இல்லையோ என்பீர்கள். 2011 இலே சில குறுந்தட்டுக்களிற் பதிந்து அலுமாரியில் வைத்தேன். இப்பொழுது எடுத்துப் பார்த்தால், உப்புக்காற்றும் வெக்கையும் அவற்றின் வெள்ளிப் பூச்சைத் தேமல்போற் படரவிட்டிருந்தன. ஒன்றேனும் திறக்கவில்லை.

இனி என் பிழைகளைச் சொல்கின்றேன். வாசகர் அவற்றைத் தவிர்த்துக்கொள்வாராக.

முதற்பிழை, திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்தியது. இரண்டாம் பிழை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகரத்துக் கடையொன்றுக்குச் சென்றது. அங்கிருந்தவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "ஃபோமட் அடிச்சு விண்டோஸ் புதுசாப் போட்டாச் சரி" என்றார். உள்ளே உள்ளன யாதாகும் என்று வினவினேன். "எல்லாம் போகும். பெக்கப் இருக்குத்தானே?" என்றார். வாய் பேசாது திரும்பி வந்தேன். மூன்றாவதே பெரும்பிழை. அயலார் ஒருவர் சொற்படி, 'செக் டிஸ்க்' என்னுங் கட்டளையை, பிழைகளைத் திருத்துக, பழுதுற்ற இடங்களை மீட்க என்னும் இரு விதிகளோடும் கூட்டிக் கொடுத்துவிட்டு உறங்கச் சென்றேன். இரவு முழுவதும் அது ஓடியது. விடிந்து பார்த்தால், என் ஒலிப்பதிவுக் கோப்புறையிற் பாதி இல்லை. மாற்றாக, 'ஃபவுண்ட்' என்ற பெயரும் மூன்று சுழியமும் கொண்ட புதிய கோப்புறை ஒன்றும், அதனுள் வெறும் எண்களையே பெயராகக் கொண்ட நூற்றுக்கணக்கான துணுக்குகளும் கிடந்தன.

நிகழ்ந்தது யாது என்பதை ஓலைச்சுவடி கண்டோர் எளிதில் உணர்வர். ஏட்டிலே துளையிட்டுக் கயிறு கோத்திருப்பர். ஒவ்வோர் ஏட்டின் ஓரத்திலும் எண் இருக்கும். கயிறு அறுந்து, எண்ணும் சிதைந்தால், ஏடுகள் அனைத்தும் கையிலிருந்தும் நூல் இல்லை. கணினியின் தட்டிலும் இவ்வாறே. எழுதப்பட்ட செய்தி ஓரிடத்திலும், எந்தக் கோப்பின் எந்தப் பகுதி எங்கே கிடக்கின்றது என்னும் அட்டவணை வேறோரிடத்திலும் உள்ளன. அவ்வட்டவணையே கயிறு. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின் அறுமாயின் அட்டவணை அரைகுறையாய் நின்றுவிடும். இதற்குப் பரிகாரமாக, செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டிற் பதிந்துகொள்ளும் முறை இக்காலத்து விண்டோஸில் உண்டு. மின் மீண்டதும் அக்குறிப்பேட்டைப் பார்த்து அட்டவணையைச் சரிசெய்துகொள்ளும். ஆயின் அது காப்பது அட்டவணையை மாத்திரமே, பாட்டை அன்று. செக் டிஸ்க் என்பது சிதறிய ஏடுகளைக் கூட்டி அள்ளுங் கைபோன்றது. தட்டு நலமாயிருந்து கயிறு மட்டும் அறுந்திருப்பின் அது நல்ல மருந்து. தட்டே நொறுங்கும் ஏடாயிருப்பின், அள்ளும் விரலே அதனை உடைக்கும். இந்த வேறுபாட்டை அறியாமலே யான் மருந்து கொடுத்தேன்.

ஈண்டு ஒரு சொல். வன் என்பதனோடு தட்டு என்பது சேருமிடத்து வன்றட்டு என்றாதலே முறை. வன்றொண்டர் என்று சுந்தரரைச் சொல்லும் நாம் வன்தட்டு என்று எழுதுதல் எங்ஙனம் பொருந்தும்? 1930 களிலே சென்னையிற் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்துகொண்டு இவ்வினாவை எழுப்பாதிருத்தல் தகாது. எழுப்பிவிட்டேன். ஆயினும் என் மாணவர் நகைப்பர் என்றஞ்சி, வன்தட்டு என்றே எழுதிச் செல்கின்றேன்.

என்னிடம் உயர்தர வகுப்பிலே தமிழ் பயின்ற இளைஞர் ஒருவர் சாய்ந்தமருதிலே கணினி திருத்துந் தொழில் செய்கின்றார். புணர்ச்சி விதிகளில் அவர்க்கு என்றும் மனம் பற்றியதில்லை. அதன்பொருட்டு அவரைப் பலமுறை கடிந்திருக்கின்றேன். அவரை அழைக்க நாணம் தடுத்தது. ஃபவுண்ட் கோப்புறையைக் கண்டபின் நாணத்துக்கு இடமில்லாது போயிற்று. வந்தார். பெட்டியைத் தொடுமுன் மூன்று வினா வினவினார்.

"சேர், சத்தம் எப்ப தொடங்கினது? எத்தின தரம் திருப்பிப் போட்டீங்க? உள்ளுக்கு வேற எங்கேயும் இல்லாத சாமான் ஏதும் இருக்கா?"

மூன்றாம் வினாவுக்கு யான் விடையளித்த முறையிலிருந்தே அவர் நிலைமையை உணர்ந்துகொண்டார் போலும். மின்கயிற்றைக் கழற்றினார். "இனி இதைத் திருத்திறது எண்ட பேச்சு வேணாம் சேர். முதல்ல படி எடுப்பம்" என்றார். பெக்கப் என்றோ கொப்பி என்றோ சொல்லாது படி என்றார். வகுப்பிலே எங்கோ ஒரு மூலையில் என் சொல் அவர் செவியில் விழுந்திருக்கின்றது.

வன்தட்டின் உள்ளமைப்பை அவர் பழைய தட்டொன்றைத் திறந்து காட்டினார். கண்ணாடிபோற் பளபளக்கும் வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றின் மேலே, படாமலும் விலகாமலும், ஓர் எழுதுமுனை மிதந்து செல்கின்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட வெளி மயிரிழையின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. தூசித் துகளொன்று அவ்விடைவெளியில் மலைபோன்றது. ஆதலினாலே பழுதுற்ற தட்டை வீட்டிலே திறந்து பார்த்தல் கொலைக்கு ஒப்பாகும். குளிர்ப்பெட்டியில் ஓரிரவு வைத்தெடுத்தால் உயிர்பெறும் என்றொரு கைவைத்தியமும் உலவுகின்றது. என் வீட்டுக்கும் அது வந்தது. எங்கள் ஊர்க் காற்றின் ஈரத்தில், குளிர்ந்த தகட்டை வெளியே எடுத்த மறுகணமே பனித்துளி பூக்கும். அதன்பின் மீட்போர் எவராலும் ஆவதில்லை.

'டிக், டிக்' என்று யான் கேட்டது, எழுதுமுனை ஓரிடத்தைப் படிக்க முயன்று, இயலாது திரும்பி, மீண்டும் முயலும் ஒலி. தகட்டின் பரப்புச் சிறு சிறு துண்டங்களாக வகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு துண்டத்தின் ஈற்றிலும், அதிலுள்ள செய்தி பிழைபட்டால் ஓரளவு திருத்திக்கொள்ளத்தக்க குறிகள் உள. அக்குறிகளாலும் திருத்த ஒண்ணாதபோது அத்துண்டம் 'ஐயத்துக்குரியது' என்று குறிக்கப்படும். அதன்மேற் புதிதாக எழுத முயலும்போது, தட்டு அதனைத் தள்ளிவிட்டுத் தான் ஒதுக்கிவைத்திருக்கும் உபரித் துண்டமொன்றை அதனிடத்தில் அமர்த்திக்கொள்ளும். இவற்றையெல்லாம் தட்டு தானே கணக்கிட்டு ஒரு பட்டியலாக வைத்திருக்கின்றது. 'ஸ்மார்ட்' என்பது அதன் பெயர். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளைக்கொண்டு எவரும் அதனைப் படிக்கலாம். அதில் நோக்கத்தக்க எண்கள் சிலவே. ஐந்தாம் வரி மாற்றீடு செய்யப்பட்ட துண்டங்களின் தொகை. 197 ஆம் வரி ஐயத்துக்குரியன. 198 ஆம் வரி திருத்தவியலாதன. இம்மூன்றும் சுழியமாயிருத்தல் நலம். ஏறிக்கொண்டே போகுமாயின் தட்டு தன் ஈமக்கணக்கைத் தானே எழுதுகின்றது என்று கொள்க. 199 ஆம் வரி மட்டும் ஏறுமாயின் தட்டை வையாதீர். தட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடைப்பட்ட இணைப்புக் கம்பியை மாற்றுங்கள். சில நூறு ரூபாவில் முடியும் காரியம். எங்கள் ஊர்க்கரையிலே உப்புக்காற்றுப் பட்டு அக்கம்பியின் முனை கறுத்துப்போதல் மிகச் சாதாரணம்.

என் தட்டின் 197 ஆம் வரியைப் பார்த்துவிட்டு அவர் என் முகத்தைப் பார்த்தார். எண்ணைச் சொல்லவில்லை.

பின்பு புதிய தட்டொன்றைப் பொருத்தி, விண்டோஸைத் தொடாது, லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை ஒரு சிறு பென் டிரைவிலிருந்து எழுப்பி, 'டிடிரெஸ்கியூ' என்னுங் கருவியை ஏவினார். அதன் இயல்பு என்னை வியக்கவைத்தது. வாசிக்க எளிய இடங்களையெல்லாம் முதலில் விரைந்து படியெடுத்துவிடும். சிக்கலான இடம் வந்தால் அங்கே நின்று மல்லாடாது, அவ்விடத்தை ஒரு வரைபடத்திற் குறித்துக்கொண்டு தாண்டிச் செல்லும். எல்லாம் முடிந்தபின்னரே திரும்பி வந்து, குறித்த இடங்களைச் சிறிது சிறிதாகச் சுரண்டும். நடுவில் மின் நின்றாலும் வரைபடத்தைக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். சாகக்கிடக்கும் தட்டுக்கு எஞ்சியுள்ள வாசிப்புக்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. அவற்றை நல்ல இடங்களிற் செலவிடுக என்பதே அதன் நெறி. யான் செய்ததோ, அவ்வெஞ்சிய மூச்சையெல்லாம் பழுதான இடங்களிலே மோதவிட்டது.

இரண்டு பகலும் இரண்டு இரவும் அது ஓடியது. உறக்கமின்றி அதன் அருகிருந்தபோது என் நினைவு ஏட்டுச்சுவடிகளின்மேற் சென்றது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, தொட்ட அளவிலே உதிரும் ஏடுகளைக் கையாண்ட துயரத்தை, 1887 இலே வெளியிட்ட கலித்தொகையின் பதிப்புரையில் எழுதியுள்ளார். ஏட்டைத் திறத்தலே ஏட்டை அழித்தல். திறவாது விடின் செல்லும் பூச்சியும் அழிக்கும். திறக்கும் ஒருமுறையிலே படியெடுத்துவிடுதல் ஒன்றே வழி. ஓலையின் வாழ்நாள் வரையறைக்குட்பட்டது என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஆதலின் ஒரு தலைமுறை எழுதியதை அடுத்து வந்தோர் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதினர். எங்கே எவரும் பெயர்த்தெழுதவில்லையோ அங்கே நூல் மாய்ந்தது.

உ. வே. சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்புநோக்கிச் சிலப்பதிகாரத்தை அச்சேற்றியது 1892 இல். அதே ஆண்டு மார்ச் 27 இலே எங்கள் காரைதீவில் மயில்வாகனன் என்னுங் குழந்தை பிறந்தது. அக்குழந்தையே பின்னர் விபுலாநந்த அடிகளாகி, அந்த அச்சுநூலின் அரங்கேற்று காதையைத் துருவி ஆராய்ந்து, பண்டை யாழை மீட்டெடுத்து, 1947 இலே யாழ்நூலைத் தந்து, அவ்வாண்டு ஜூலையிலே மறைந்தார். ஓலையிலிருந்து தாளுக்கு ஒருவர் படியெடுத்திராவிடின் மற்றவர்க்கு நூல் இல்லை. எனினும் அப்படியிலும் ஓட்டையுண்டு. அடியார்க்குநல்லார் உரை கானல்வரிக்குக் கிடைக்கவில்லை. மாதவியும் கோவலனும் கடற்கரையிலே யாழெடுத்துப் பாடும் பகுதி அது. யாழை ஆராய்வானுக்கு இன்றியமையாத இடமும் அதுவே. வாசிக்கவியலாத் துண்டம் எங்கே விழும் என்பதை எவர் தீர்மானிக்கின்றார்? மற்றோரிடத்திலே ஓட்டையன்றி முழுமையும் போயிற்று. 1981 ஜூன் முதல் நாளின் இரவிலே எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. அவற்றுள் வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் இருந்தன. 2005 இலே தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகத்தார் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து வைத்துவருவதன் அருமை அவ்விரவை நினைப்போர்க்கு விளங்கும்.

மூன்றாம் நாட் காலை கணக்கு வந்தது. 500 கிகாபைற்றில் 38 மெகாபைற்று மாத்திரம் வாசிக்கவியலாது போயிற்று. அதன்பின் செய்ததே முதன்மையானது. பழைய தட்டைக் கழற்றித் துணியிற் சுற்றி வைத்துவிட்டு, அந்தப் படிக்கும் இன்னொரு படி எடுத்துக்கொண்டு, படியின்மீதே திருத்த வேலைகளைத் தொடங்கினார். கைதவறினாலும் மூலம் உளது. பெயரிழந்த துணுக்குக்களை ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டு, குரலைக்கொண்டு இன்னார் என அறிந்து, பெயரிட்டேன். அப்பணி எனக்கு ஆறு கிழமை பிடித்தது. சொற்கள் 6,400 உம் மீண்டன. அவையனைத்தும் சேர்ந்து தட்டிலே பிடித்த இடம் ஒரு திருமண ஒளிப்படத்தினும் குறைவு என்று இளைஞர் நகைத்தார். ஒலிப்பதிவுகளில் 305 மீண்டன. ஏழு மீளவில்லை.

தட்டு பழுதுற்றது ஒருபுறமிருக்க, பெட்டி ஏன் அணைந்தது? காரணத்தைக் காணாது புதிய தட்டைப் பொருத்துதல் ஓட்டைத் தோணிக்குப் புதுச்சாயம் பூசுதலாகும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டிலே '41' என்னும் எண்ணோடு ஒரு குறிப்பு இருந்தது. யான் அதுவே நோயின் பெயர் என்று மகிழ்ந்தேன். இளைஞர் சிரித்தார். முன்னைய அணைவு முறைப்படி நிகழவில்லை என்பதற்கு மேல் அது ஒன்றுஞ் சொல்லாதாம். இறந்தார் என்று எழுதி, எதனால் என்று எழுதாத மரணப் பத்திரம்.

அவர் நோய்நாடிய முறை கேட்கத்தக்கது. கடுமையான வேலை கொடுத்துச் சிறிது நேரஞ் சென்றபின் அணையுமாயின் வெப்பத்தை ஐயுறுக. கணினியின் மூளை நூறு பாகை அளவுக்குச் சூடேறினால் தன்னைக் காக்கத் தானே அணைந்துவிடும். விசிறியிலே தூசி அடைத்திருக்கும், அல்லது மூளைக்கும் வெப்பந்தாங்கிக்கும் இடையே பூசிய பசை காய்ந்திருக்கும். பெட்டியை அசைத்தாலோ மேசையிலே கைபட்டாலோ அணையுமாயின் இணைப்புத் தளர்ச்சி. பொழுது வரையறையின்றி, வேலையில்லாதபோதும் அணையுமாயின் உள்ளே உள்ள மின்வழங்கிப் பெட்டியைப் பார்க்க. மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தால் அதன் காலம் முடிந்தது. வீட்டிலே வேறொரு பெரிய பொறி இயங்கத் தொடங்குங் கணத்தில் அணையுமாயின், பழி கணினியினது அன்று.

என் பெட்டியைத் திறந்தபோது விசிறியைச் சுற்றிப் பஞ்சுமெத்தைபோல் தூசி. மூலையிலே ஒரு பல்லியின் உலர்ந்த உடல். என் மனைவி வென்றாள். ஆயினும் குற்றவாளி அதுவன்று. "சேர், யூ.பி.எஸ். எப்ப வாங்கினது?" என்றார். 2019 என்றேன். "பெற்றறி மாத்தினீங்களா?" மாற்றவேண்டும் என்பதையே யான் அறியேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதுவே அதன் நலம் என்று கருதினேன். ஈய அமிலப் பெற்றறி நம் நாட்டு வெக்கையிலே மூன்று நான்கு ஆண்டுகள் தாங்கினாற் பெரிது. அவர் கொல்லைக்குச் சென்று தண்ணீர் மோட்டரைப் போடச் சொன்னார். 230 வோல்ற்றாக இருக்கவேண்டிய அழுத்தம் ஒரு கணம் வீழ்ந்தது. யூ.பி.எஸ். தன் பெற்றறிக்குத் தாவியது, பெற்றறி வெறுங்கூடாயிருந்தது, பெட்டி அணைந்தது. இவ்வளவே. காவலென்று நம்பி வைத்ததுதான் கதவைத் திறந்துவிட்டது. யூ.பி.எஸ்ஸே இல்லாதிருந்தால் அத்துணைச் சிறிய வீழ்ச்சியைக் கணினி தானே பொறுத்துக்கொண்டிருக்கவுங்கூடும் என்றார்.

நம் நாட்டில் இதனை வெறும் வீட்டுக்காரியம் என்று தள்ளவும் இயலாது. 2022 மார்ச் இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 இலே, பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்ததனால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது என்று அறிவித்தனர். இலங்கைக்கு வானரத்தால் நேர்ந்த இடர் இது முதலாவதன்று; ஆதலின் எனக்கு வியப்பில்லை. இத்தகைய நாளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும், வேலையெல்லாஞ் சேமித்து மூடியபின், யூ.பி.எஸ்ஸின் மின்கயிற்றைச் சுவரிலிருந்து கழற்றிப் பார்த்தல் வேண்டும். ஐந்து நிமிடமேனும் தாங்காவிட்டால் பெற்றறியை மாற்றுக.

இப்பொழுது என் மேசையில் உள்ளது சுழலாத திண்மத் தட்டு. அதில் ஒலியில்லை, அசைவில்லை, வேகமோ மிகுதி. இனி அச்சமில்லை என்றேன். "இது இன்னும் பயம் சேர். பழசு டிக்டிக் எண்டு சொல்லிப்போட்டுத்தான் சாகும். இது ஒரு நாளைக்குச் சும்மா இருந்தாப்போல போயிரும்" என்றார். ஆகவே வெளித்தட்டு ஒன்றிலே ஒரு படி, மட்டக்களப்பிலுள்ள என் தம்பி வீட்டிலே ஒரு படி. ஒன்றும் ஒருகாலத்தில் ஒரேயிடத்தில் இருத்தலாகாது என்பது எங்கள் கடற்கரையார் எவர்க்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. திங்கள்தோறும் முதல் ஞாயிறு படியெடுக்கும் நாள். நாட்காட்டியிற் சிவப்பு மையாற் குறித்துள்ளேன். எடுத்த படியைத் திறந்தும் கேட்கின்றேன். திறந்து பாராத படியின் பெருமையைக் குறுந்தட்டுக்கள் எனக்குக் கற்பித்துள்ளன.

மீளாத ஏழினுள் ஆறுக்கு ஈடு ஒருவாறு உண்டு. அச்சொற்களை வேறு சிலரும் எனக்குச் சொல்லியிருந்தனர். ஏழாவது மாளிகைக்காட்டு மூதாட்டி ஒருவரின் கவிகள், நாற்பது நிமிடம். 2009 இலே பதிந்தது. அவ்வம்மையார் 2013 இலே மறைந்தார். அவர் பாடியவற்றுட் பலவற்றை வேறெவரும் பாடக் கேட்டிலேன். பதிந்த காலத்திலே அவர் வீட்டாருக்கும் ஒரு குறுந்தட்டிற் கொடுத்ததாக நினைவு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்தபின், அங்கே சென்றேன்.

மகள் வாயிலுக்கு வந்தார். அவருக்கே இப்பொழுது அறுபது கடந்திருக்கும். வந்த காரியத்தைச் சொன்னேன். "சேர் தந்த சீடி எப்பவோ பழுதாப் போயிட்டு. ஆனா உம்மாட குரல் கொஞ்சம் மகள்ட போன்ல இரிக்கு" என்றார். மகள், குறுந்தட்டு ஓடிய நாளிலே, தன் கைத்தொலைபேசியை ஒலிபெருக்கியின் அருகே பிடித்து எடுத்திருக்கின்றாள். தொலைபேசி மூன்றுமுறை மாறியும் அந்தக் கோப்பை மட்டும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றிக்கொண்டே வந்திருக்கின்றாள். ஏன் என்று கேட்டதற்கு விடை சொல்லாது, தாயைப் பார்த்துச் சிரித்தாள்.

இரைச்சல் மிகுந்த பதிவு. பின்னணியிலே கடலும், காகமும், எவரோ பாத்திரங் கழுவும் ஓசையும். அவற்றினூடே அக்குரல். பதினோராம் நிமிடத்திலே கவியை நிறுத்தி, வெற்றிலை வட்டாவை இங்காலே தள்ளும்படி என்னிடம் கேட்கின்றார். யான் தள்ளும் ஓசையும் கேட்கின்றது. பத்தொன்பதாம் நிமிடத்திலே, ஒரு கவியின் மூன்றாம் அடியில், பதிவு அறுந்துவிடுகின்றது. அங்கிருந்தே அதனை மூன்றிடத்துக்கு அனுப்பினேன். மூன்றும் சேர்ந்தன என்று உறுதிசெய்த பின்பே தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தேன். மகள் இன்னொருமுறை போடச் சொன்னார். தேநீர் ஆறும்வரை இருந்து கேட்டோம்.